போடி ஏலத் திரையில் தெரிவதும் தெரியாததும்

தமிழில் 'ஏலம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, சங்க இலக்கியக் காலத்திலிருந்தே மேற்குமலைச் சரிவுகளில் விளைந்து வரும் மணப்பொருள். மற்றொன்று, பலர் கூடியிருக்கும் இடத்தில் யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவருக்கே பொருளைக் கொடுக்கும் விற்பனை முறை. ஒலியில் ஒன்றாக இருந்தாலும் இவ்விரு சொற்களுக்கும் பிறப்பில் உறவில்லை. முன்னது தமிழின் பழஞ்சொல், பின்னது போர்ச்சுகீசிய வணிகரோடு கடல்வழி வந்து தமிழில் தங்கிவிட்ட சொல். தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் இந்த இரண்டு ஏலமும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. மூட்டையாக வந்து சேரும் காய்க்குக் கணினித் திரையில் விலை ஏறுகிறது. அந்த விலை அன்று மாலைக்குள் மலைமேல் இருக்கும் ஒவ்வொரு தோட்டக்காரரின் கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. விலை இவ்வளவு விரைவாக, இவ்வளவு பேருக்குத் தெரிவது இந்தத் தொழிலின் வரலாற்றில் புதியது. ஆனால், அந்த விலை ஏன் அப்படி அமைந்தது என்பதைத் தெரிந்துகொள்ளத் தேவையான விவரங்கள் இன்னும் ஒரு சிலரிடமே இருக்கின்றன என்பதும், அவை விளைவித்தவரிடம் இல்லை என்பதும் இத்தொழிலில் தொடர்ந்து இருந்து வரும் குறை.

ஏலக்காய் விளையும் மலை கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மலைக்குக் கீழ்வாசல் கம்பம் பள்ளத்தாக்கு. போடியிலிருந்து போடிமெட்டு வழியாகவும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும், கூடலூர், லோயர்கேம்ப் கடந்து குமுளி வழியாகவும் ஏறும் மூன்று மலைச்சாலைகளில் விடியற்காலையில் ஜீப்புகள் காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. சாலைகள் இறங்கும் திசையில் காய் மூட்டைகள் வருகின்றன. மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களில் கணிசமானோர் பள்ளத்தாக்கின் ஊர்களைச் சேர்ந்தவர்கள்; வாங்கிச் சலித்துத் தரம் பிரித்து வட இந்தியாவுக்கும் அரபு நாடுகளுக்கும் அனுப்பும் வணிகர்களில் பலருக்குக் கிட்டங்கி போடியில் இருக்கிறது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை போடப்பட்டதற்கு மலைச்சரக்கின் போக்குவரத்து முக்கியமான காரணம். அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-இன் இறுதியில் நிறுத்தப்பட்ட அந்த ரயில், 2023 ஜூன் மாதத்தில்தான் மீண்டும் போடிக்கு வந்தது; இடைப்பட்ட காலம் முழுவதும் ஏலக்காய் லாரியில் போனது, விலை மட்டும் இணையத்தில் போனது.

இத்தொழிலை நெறிப்படுத்தும் அமைப்பு, மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் நறுமணப் பொருள் வாரியம். முன்பிருந்த ஏலக்காய் வாரியமும் நறுமணப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவும் இணைக்கப்பட்டு 1987 பிப்ரவரியில் இவ்வாரியம் உருவானது. அதே ஆண்டில் வகுக்கப்பட்ட ஏலக்காய் உரிமம் மற்றும் சந்தைப்படுத்தல் விதிகளின்படி, ஏலம் நடத்துபவரும் வாங்கும் வியாபாரியும் வாரியத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஏல நிறுவனங்களில் தனியார் நிறுவனங்களும் உண்டு, விளைவிப்போர் சேர்ந்து அமைத்த கம்பெனிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. அவை தோட்டக்காரரிடமிருந்து காயை ஏற்று, எண்ணிட்ட 'லாட்' ஆக்கி, அதாவது ஒருவருக்குரிய ஒரே தரத்து மூட்டைகளை ஒரு தொகுப்பாக்கி, ஏலத்துக்கு வைக்கின்றன. தங்கள் தரகுக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அவருக்குக் கொடுக்கின்றன.

கணினி வருவதற்கு முன் கூவி ஏலம் நடந்தது. வியாபாரிகள் வரிசையாக அமர்ந்திருக்க, விலை வாய்மொழியாகக் கேட்கப்பட்டது. யார் கேட்டார், எந்த விலையில் நிறுத்தினார், ஒருவர் குரல் ஏலம் விடுபவரின் காதில் விழுந்ததா என்பதெல்லாம் கூடத்தில் இருந்தவர்களின் நினைவைப் பொறுத்திருந்தது. தென்மாவட்டங்களின் மாட்டுச் சந்தைகளில் தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் பலர் அறிந்தது. அங்கே விலை பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது, மாட்டை ஓட்டி வந்தவருக்கே முழுதாகத் தெரியாமல் போவதும் உண்டு. ஏலக்காய் ஏலம் அந்த அளவுக்கு மறைவானதாக இருந்ததில்லை. ஆயினும் கூடத்துக்கு வெளியே இருந்த தோட்டக்காரருக்கு அன்றைய விலை என்பது யாரோ ஒருவர் வந்து சொல்லும் செய்தியாகவே இருந்தது. சொல்பவர் பெரும்பாலும் காயை வாங்க வந்தவராகவும் இருந்தார்.

2007-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த மின்னணு ஏலம் இதை மாற்றியது. போடியிலும், மலைமேல் வண்டன்மேட்டுக்கு அருகிலுள்ள புற்றடியிலும் அமைந்த ஏலக் கூடங்களில் ஒவ்வொரு வியாபாரிக்கும் முன்னால் ஒரு கணினி இருக்கிறது. லாட்டின் எண், மூட்டைகளின் எண்ணிக்கை, எடை ஆகியவை திரையில் தோன்றும்போது அந்த லாட்டிலிருந்து எடுத்த சாம்பிள் வியாபாரியின் கைக்கு வருகிறது. அவர் அதை உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்க்கிறார். பச்சை நிறம் சீராக இருக்கிறதா, 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காய் எத்தனை பங்கு, வெடித்த காயும் சுருங்கிய காயும் எவ்வளவு என்று கண்ணாலேயே கணக்கிடுகிறார். ஒரு காயை நகத்தால் பிளந்து அரிசி கறுப்பாக முற்றியிருக்கிறதா என்று பார்த்து, மூக்கருகே கொண்டு போகிறார். (காய்க்குள் இருக்கும் விதையை இத்தொழிலில் அரிசி என்பார்கள்.) ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் இந்தக் காய் எத்தனை கிராம் நிற்கும் என்னும் 'லிட்டர் எடை'யைப் பழகிய கை பாத்திரம் இல்லாமலே சொல்லிவிடும். இதற்குள் விரல் பொத்தானை அழுத்தத் தொடங்கியிருக்கிறது. அழுத்த அழுத்த விலை ஏறுகிறது. யாரும் அழுத்தாத நொடியில் லாட் முடிந்து அடுத்த எண் வந்துவிடுகிறது. பல மாதங்கள் பாடுபட்டு விளைவித்த காயின் விதி முடிவாகும் இந்த நேரம், ஒருவர் ஒரு குவளைத் தேநீரைக் குடித்து முடிக்கும் நேரத்தைவிடக் குறைவானது.

இம்முறையால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. யார் எந்த விலை கேட்டார் என்பது பதிவாகிறது. முடிந்த விலையைப் பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஏலத்துக்கும் எத்தனை லாட், எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்னும் விவரத்தை வாரியம் தன் இணையதளத்தில் நாள்தோறும் வெளியிடுகிறது. விலைச் செய்தி எட்டுவதாலேயே விளையும் பயனுக்குப் பக்கத்துக் கேரளக் கடற்கரையில் பேர்பெற்ற சான்று ஒன்று உண்டு. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கடலோரங்களில் 1997-க்கும் 2001-க்கும் இடையில் கைப்பேசிச் சேவை படிப்படியாக வந்தபோது, மத்தி மீன் விலை எப்படி மாறியது என்பதை ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். அதற்கு முன்பு ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீன் கடலில் கொட்டப்பட, சில கிலோமீட்டர் தள்ளி மற்றொரு கரையில் மீன் கிடைக்காமல் வாங்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கடலில் இருந்தபடியே விலை கேட்க முடிந்த பிறகு, மீனவரின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குவோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது, மீன் வீணாவது ஏறத்தாழ நின்றே போனது. இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் நன்மை செய்யும் பண்டம் தகவலைத் தவிர வேறு எளிதில் கிடைக்காது.

ஆனால் மத்தியும் ஏலக்காயும் ஒன்றல்ல. மத்தி அன்றே அழுகும். உலர்ந்த ஏலக்காய் ஈரம் புகாமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். எனவே ஏலக்காய் வணிகத்தில் இன்றைய விலையைவிட, யாரிடம் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்னும் செய்திக்கு மதிப்பு அதிகம். வாரியம் வெளியிடும் அட்டவணையில் இல்லாத செய்தி அதுவே.

அட்டவணையில் இருக்கும் எண்களே முழுமையான பொருள் தருகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்ட் மாதப் பெருவெள்ளத்தில் இடுக்கியின் தோட்டங்கள் சரிந்தன. அடுத்த கோடையில் மழை பொய்த்தது. விளைச்சல் விழுந்ததால் 2019 ஆகஸ்ட் மாதத்தில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இந்த எண் நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. அது அன்று மிக உயர்ந்த தரமுள்ள காய்க்குக் கிடைத்த அதிகபட்ச விலை. அன்றைய சராசரி அதற்கு வெகுகீழே இருந்தது. இருப்பினும் ஊரில் பேசப்பட்டது 7,000 மட்டுமே. அந்தப் பேச்சை நம்பிக் குத்தகைத் தொகைகள் உயர்ந்தன, ஏலம் இல்லாத சரிவுகளிலும் தட்டை, அதாவது ஏலக்கன்று, நடப்பட்டது. நட்டது காய்ப்புக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அது காய்ப்புக்கு வந்த 2022-இன் தொடக்கத்தில் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இருந்தது. ஒரே ஓர் எண்ணைத் தனியாகப் பிரித்துச் சொல்வதால் நேரும் கேடு பொய் சொல்வதால் நேரும் கேட்டுக்குக் குறைந்ததன்று என்பதை அந்த மூன்று ஆண்டுகள் காட்டின.

எண்களை எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பது கம்பம் பள்ளத்தாக்குக்குத் தெரியாத வித்தை அன்று. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நிலவரம் நாள்தோறும் செய்தித்தாள்களில் வருகிறது. கூடலூர் முதல் பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் பயிரிடும் உழவர்கள் அதைப் பார்க்காமல் நாற்றுப் பாவுவதில்லை. அச்செய்தியில் நான்கு எண்கள் இருக்கும்: அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, நொடிக்கு எத்தனை கன அடி நீர் வருகிறது, எத்தனை கன அடி வெளியேற்றப்படுகிறது, மொத்த இருப்பு எவ்வளவு. தேநீர்க் கடையில் அமர்ந்து அதைப் படிக்கும் பெரியவர் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. மட்டம் 130 அடியாக இருந்து வரத்து ஏறினால் ஒரு கணக்கு, அதே 130 அடியில் வரத்து நின்று வெளியேற்றம் கூடினால் வேறு கணக்கு. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்ததற்கு முன்னும் பின்னும் இந்த அணையைப் பற்றி இரு மாநிலங்களும் எத்தனையோ வாதிட்டாலும், அந்த நான்கு எண்கள் வெளிப்படையாக இருப்பதால் பள்ளத்தாக்கின் உழவர் தன் முடிவைத் தானே எடுக்க முடிகிறது.

ஏலக்காயில் சராசரி விலை என்பது நீர்மட்டம் போன்றது. வரத்தும் வெளியிடப்படுகிறது, ஆனால் அது தூய வரத்து அன்று. ஏலத்தில் வாங்கிய காயையே ஒரு வியாபாரி மீண்டும் ஏலத்துக்குக் கொண்டுவருவது 'ரீபூலிங்' என்று அழைக்கப்படுகிறது. மறுவரத்து என்று தமிழில் சொல்லலாம். ஒரு வியாபாரி கலப்பாக வாங்கிய காயைச் சலித்துத் தரம் பிரித்தபின், தனக்குத் தேவையில்லாத தரத்தை ஏலத்தில் விற்பது இயல்பான வணிகமே. பணமுடையின்போது இருப்பை ஏலத்தில் தள்ளுவதும் அப்படியே. ஆனால் காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் பழைய இருப்பும் புதிய காயோடு சேர்ந்து வரும்போது, அட்டவணையில் வரத்து வீங்கித் தெரிகிறது, விளைச்சல் அதிகம் என்ற எண்ணம் பரவுகிறது, விலை இறங்குகிறது, அஞ்சிய சிறு தோட்டக்காரர் கையிருப்புக் காயையும் விற்றுத் தீர்க்கிறார். இதைத் தடுக்க வேண்டும், அல்லது விளைவிப்போரின் லாட்டைத் தனியாக விட வேண்டும் என்று இடுக்கியின் தோட்டக்காரர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. முழுத் தடை தேவையா என்பதில் இரு தரப்புக்கும் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு லாட்டுக்கும் எதிரே இது தோட்டத்துக் காய், இது வியாபாரியின் மறுவரத்து என்று ஒரு குறியிடுவதற்கு எந்த நியாயமான எதிர்ப்பும் இருக்க முடியாது. காயைக் கொண்டுவந்தவர் யார் என்பது ஏல நிறுவனத்தின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒரு கட்டமாகப் பிரித்து மாலை அட்டவணையில் சேர்ப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

விலையை வெளியிட்டாலே போட்டி வளரும் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. டென்மார்க்கில் 1993-இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம், ஆயத்தக் கான்கிரீட் விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் உண்மையாக வாங்கிய விலைகளைத் திரட்டி அவ்வப்போது வெளியிடத் தொடங்கியது. விலை தெரிந்தால் வாங்குவோர் பேரம் பேசுவார்கள், விலை குறையும் என்பது நோக்கம். ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 விழுக்காடு ஏறியது. விற்பவர்கள் ஒரு சிலராக இருந்ததால், போட்டியாளர் எவருக்குத் தள்ளுபடி தருகிறார் என்பதை அந்த அறிக்கையே அவர்களுக்கு அறிவித்துவிட்டது. எனவே எவரும் விலையைக் குறைக்கத் துணியவில்லை என்று இதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் விளக்கினார்கள். ஏலக் கூடத்தில் இதற்கு எதிர்ப்பக்கம் நிகழக்கூடும்: அங்கே விற்பவர் ஆயிரக்கணக்கானோர், பெருமளவில் வாங்குபவர் எண்ணத்தக்க சிலர். பேசி வைத்துக்கொள்ளாமலே ஒருவர் நின்ற இடத்தில் மற்றவரும் நிற்பதற்கு அந்தச் சிறிய எண்ணிக்கையே போதும். ஒரு லாட்டுக்கு எத்தனை பேர் உண்மையில் பொத்தானை அழுத்தினார்கள், அன்று வாங்கிய மொத்தக் காயில் முதல் ஐந்து வியாபாரிகளின் பங்கு எத்தனை விழுக்காடு என்னும் இரண்டு எண்களை, பெயர் சொல்லாமலே வெளியிட்டாலும் போட்டி உயிரோடு இருக்கிறதா என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும்.

வாங்குவோர் எண்ணிக்கையைக் கூட்ட வாரியம் எடுத்த நல்ல முயற்சி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2020-இல் கொரோனா ஊரடங்கால் ஏலம் நின்று, மீண்டும் தொடங்கியபோது மாநில எல்லையைக் கடப்பது தமிழ்நாட்டு வியாபாரிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. 2021 செப்டம்பரில் வாரியம் 'கிளவுட்' முறையிலான நேரலை மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. கிளவுட் என்பது, ஏலத்தின் மென்பொருளும் தரவும் ஒரு கூடத்துக் கணினியில் இல்லாமல் இணையத்தின் வழியே எங்கிருந்தும் அணுகத்தக்க பொதுக் கணினி அமைப்பில் இருப்பது. இதனால் புற்றடியில் நடக்கும் ஏலத்தில் போடிக் கூடத்தில் இருப்பவரும் அதே நேரத்தில் விலை கேட்க முடிந்தது. மலைக்கு மேலே ஒரு சந்தை, கீழே ஒரு சந்தை என்றிருந்தது ஒரே சந்தையாக நெருங்கியது. தொழில்நுட்பத்தை எந்தத் திசையில் திருப்ப வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இத்தொழிலில் இல்லை.

பெரிய நிறுவனங்கள் தகவலை எப்படிக் கையாளுகின்றன என்பதற்கு இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட எடுத்துக்காட்டு ஐ.டி.சி. நிறுவனம் 2000-இல் மத்தியப் பிரதேசத்தில் சோயா மொச்சைக்காகத் தொடங்கிய 'இ-சௌபால்'. சௌபால் என்றால் ஊர்ப் பொதுச்சாவடி. ஓர் உழவரின் வீட்டிலேயே கணினி வைத்து, சுற்றுவட்டாரச் சந்தைகளின் விலையையும் தான் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையையும் நிறுவனம் முன்கூட்டியே அறிவித்தது. இந்தச் சாவடிகள் வந்த மாவட்டங்களில் சோயா விலை 1 முதல் 3 விழுக்காடு வரை உயர்ந்ததாக ஆய்வு கண்டது. நிறுவனத்துக்கு விற்காதவர்களுக்கும் அந்தப் பயன் கிடைத்தது. நிறுவனம் தனக்குத் தேவையான சரக்கைத் தரகரின்றி நேரடியாக வாங்கவே இதைச் செய்தது, உழவருக்கும் அதில் பயன் இருந்தது, இரண்டும் உண்மை. ஆயினும், எந்தத் தகவலை எப்போது தருவது என்று முடிவு செய்யும் அதிகாரம் வாங்குபவரிடம் இருக்கும் வரை, விற்பவர் பெறுவது ஒரு சலுகையே. இன்று மலையில் பல தோட்டக்காரர்களுக்கு அன்றைய விலையும் நாளைய போக்கும் வாட்ஸ்அப் குழுக்களின் வழியே வருகின்றன. அக்குழுக்களை நடத்துவோரில் வாங்குவோரும் இடைத்தரகரும் உண்டு. உலகிலேயே அதிகமாக ஏலக்காய் விளைவிக்கும் குவாத்தமாலாவில் இந்த ஆண்டு காய் எப்படி, அரபு நாடுகளின் நோன்புக் காலத் தேவைக்கு அங்கிருந்து எவ்வளவு போகும் என்பதை ஏற்றுமதியாளர் வாரங்களுக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறார். இடுக்கி மலையின் சாந்தன்பாறையில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது தெரிய வரும்போது காய் கைமாறியிருக்கும்.

தகவல் குறைவு ஒரே தரப்பை மட்டும் பாதிப்பதில்லை. தரத்தைப் பொறுத்தவரை தெரியாதவர் வாங்குபவர். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்களின் சந்தையை வைத்து இதை விளக்கினார்: நல்ல காரையும் கெட்ட காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது அவர் இரண்டுக்கும் நடுத்தர விலையே தருவார், அந்த விலை கட்டாததால் நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையைவிட்டு விலகுவார். இந்த ஆய்வுக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஏலக்காயின் நிறமும் பருமனும் சாம்பிளில் தெரியும். பூச்சிமருந்து எச்சம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. எனவே மருந்தை அளவறிந்து அடித்தவரின் காயும் அடிக்கடி அடித்தவரின் காயும் ஒரே விலைக்குப் போகின்றன. கவனமாக இருந்தவருக்கு அவர் கவனத்தின் விலை கிடைப்பதில்லை. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் மருந்து எச்சம் இருந்ததாக ஆய்வு அறிக்கை வந்ததும், கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. அத்தீர்ப்பைப் பின்னர் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது என்றாலும், கம்பம் வழியே மாலை போட்டுப் போகும் லட்சக்கணக்கானோர் அந்த ஒரு பருவத்தில் கேட்ட கேள்வி எளிமையானது: சோதித்துப் பார்த்த காய் எது, சோதிக்காத காய் எது? லாட்டுக்கு எதிரே மருந்து எச்சச் சோதனையின் முடிவும் ஒரு கட்டமாக இருந்திருந்தால், அந்தக் கேள்விக்கு ஏலக் கூடத்திலேயே விடை கிடைத்திருக்கும்.

இவற்றையெல்லாம் கேட்டுப் பெறச் சட்டம் இடம் தருகிறது. தகவல் அறியும் உரிமைக்கென இந்தியாவிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னது. அச்சட்டம் 1997-இல் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நறுமணப் பொருள் வாரியம் மத்திய அரசின் அமைப்பு என்பதால், 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதும் எந்தக் குடிமகனுக்கும் 30 நாளுக்குள் விடை தரக் கடமைப்பட்டது. அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு வணிக இரகசியங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பொதுநலன் பெரிதாக இருந்தால் அவற்றையும் வெளியிடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஒரு வியாபாரியின் கொள்முதல் கணக்கு அவருடைய இரகசியமாக இருக்கட்டும். எல்லா வியாபாரிகளின் இருப்பையும் கூட்டிய ஒரே எண் எவருடைய இரகசியமும் ஆகாது. அணையில் தேங்கிய நீர் யார் வயலுக்குப் போகும் என்று செய்தித்தாள் எழுதுவதில்லை, மொத்தம் எவ்வளவு என்றே எழுதுகிறது. மேலும், அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு, எவரும் கேட்பதற்கு முன்பே தகவலைத் தாமாக வெளியிட வேண்டும் என்று பொது அமைப்புகளைக் கட்டாயப்படுத்துகிறது. மனு எழுதி முப்பது நாள் காத்திருந்து பெறும் இருப்புக் கணக்கு, அடுத்த எடுப்புக்கு முன் விற்க வேண்டியவருக்குப் பழைய செய்தி. இத்தகவல் தமிழில் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையில் காய் எடுப்பவரும் தோட்டம் வைத்திருப்பவரும் பெருமளவில் பேசும் மொழிகள் தமிழும் மலையாளமும், விலை அட்டவணை இருப்பதோ ஆங்கிலத்தில்.

தேனி மாவட்டத்திலேயே விலையை வெளிப்படையாக அறிவிக்கும் எளிய முறையொன்று கால் நூற்றாண்டாக நடக்கிறது. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் தேனி, கம்பம் ஊர்களுக்கும் வந்தது. அங்கே காலையில் ஒரு கரும்பலகையில் சாக்கட்டியால் கத்தரி, தக்காளி, வெங்காயம் என்று வரிசையாக விலை எழுதப்படும். மொத்தச் சந்தை விலையையும் சில்லறை விலையையும் ஒப்பிட்டு இரண்டுக்கும் நடுவே அந்த விலை நிர்ணயிக்கப்படுகிறது என்பது விற்பவருக்கும் தெரியும், பையோடு நிற்பவருக்கும் தெரியும். விலை மட்டுமின்றி விலை பிறந்த கணக்கும் இருவருக்கும் தெரிந்திருப்பதே அந்தப் பலகையின் வலிமை.

ஏலக்காயில் கணக்கு தெரியாமல் முடிவெடுக்க வேண்டியவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை ஒரு லாட்டின் அளவில் பார்க்கலாம். சிறு தோட்டக்காரர் ஒருவரின் ஒரு சுற்று எடுப்பில் 500 கிலோ பச்சைக்காய் வருகிறது என்று கொள்ளலாம். ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் உலர் ஸ்டோரில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அனலில் காய்ந்து அது 100 கிலோவாகிறது, இரண்டு மூட்டை. அந்தக் காயை எடுக்க வந்த பெண்களுக்கு வாரக் கூலி கொடுக்க வேண்டும். ஜீப் வாடகையும் ஸ்டோர் கூலியும் விறகுச் செலவும் உரக்கடைப் பாக்கியும் இருக்கின்றன. ஏலத்தில் வந்த விலை கட்டாது என்று தோன்றினால் காயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அட்டவணையில் வந்த அளவுக்கும் விற்ற அளவுக்கும் இடையே நாள்தோறும் தெரியும் வேறுபாட்டில் அப்படித் திரும்பிய மூட்டைகளும் அடங்கும். திரும்பப் பெற்றால் அடுத்த வாரம் விலை ஏறுமா என்பது, இன்று கூடத்துக்கு வந்த காயில் எவ்வளவு மலையிலிருந்து இறங்கியது, எவ்வளவு கிட்டங்கியிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்திருக்கிறது. அவருடைய கைப்பேசியில் சராசரி விலை இருக்கிறது, அதிகபட்ச விலை இருக்கிறது, மொத்த வரத்து இருக்கிறது. அவருக்கு வேண்டிய அந்த ஒரு விவரம் இல்லை. நாளை விடிந்தால் போடிமெட்டு வழியே ஜீப் வரும், இறங்குபவர்கள் கூலி கேட்பார்கள். அவர் விற்கச் சம்மதிக்கிறார்.